மறுமொழி: ‘நரம்பழற்சி’ பொருந்தாது

அன்பின் நண்பர்களுக்கு,

‘neurogenic inflammation’ என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் கலைச்சொல் குழுவில் நேற்று முன்மொழியப்பட்ட ‘நரம்பழற்சி’யை என்னால் ஏற்க இயலவில்லை. நரம்பே வீங்கி நோவதற்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. நாம் பெயர் தேடும் நிகழ்விலோ மூட்டு வீங்குகிறது; அதைக் கிளப்பிவிடுவது நரம்பு.

மூட்டின் உட்சவ்வில் முடியும் மெல்லிய புலன் நரம்புகள் வலியை முண்ணாணுக்கு (தண்டுவடத்துக்கு) கொண்டுசெல்பவை என்றே பாடசாலையில் படித்தோம். வலியைச் சுமக்கும் அதே கணத்தாக்கம் (நரம்பில் ஓடும் மின் சைகை) நரம்பின் கிளைகளில் திரும்பி மூட்டை நோக்கியும் ஓடும். அப்போது நரம்பு முனைகள் தாம் சேமித்துள்ள நரம்புப் பெப்டைட்டுகளை (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகளை) திசுவிலேயே உமிழ்கின்றன. 11 அமினோ அமிலங்கள் கொண்ட பதார்த்தம் பி (substance P) என்னும் பெப்டைட்டு நுண்ணிய குருதிக்கலன்களைக் கசியவைக்கிறது. திசுக்களில் உள்ள மாஸ்ட் கலங்கள் என்னும் எதிர்ப்புக் கலங்களையும் உசுப்பி, அழற்சியைத் தூண்டும் ஹிஸ்டமினை வெளிவரச் செய்கிறது. வீக்கம் அதனால். 37 அமினோ அமிலங்கள் கொண்ட கல்சிட்டோனின் மரபணுசார் பெப்டைட்டு கலன்களை விரிக்கிறது. சிவப்பும் சூடும் அதனால். (பதார்த்தம் பி 1931 முதல் அறியப்பட்டது. அந்தப் ‘பி’யைத் தமிழாக்கக் கிளம்ப வேண்டாம்.)

1984இல் வெளியான எலி ஆய்வில், மூட்டழற்சி கடுமையாக வந்த கணுக்காலில் பதார்த்தம் பி கொண்ட நரம்புகள் முழங்காலைவிட அடர்த்தியாக இருந்தன. பதார்த்தம் பியையே முழங்காலுக்குள் செலுத்தியபோது அங்கும் அழற்சி கடுமையானது. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவருக்குப் பின்னர் முடக்குவாதம் (rheumatoid arthritis என்னும் மூட்டு நோய்) வந்தால், அந்தப் பக்கத்து மூட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடுவதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். அசைவு குறைந்ததும் காரணமாகலாம்; ஆகவே இதை மட்டும் நம்பி வாதாடமாட்டேன்.

இனிச் சொல். ‘நரம்புவழி அழற்சி’ என்றால் நரம்பைப் பிடித்துக்கொண்டு பரவும் அழற்சி என்று காது எடுத்துக்கொள்ளும். ‘நரம்புசார்’ எதையும் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளும் சொல். இக்குழுவில் ‘சார்’ சற்று மலிந்துவிட்டது. என் தெரிவு ‘நரம்பெழு அழற்சி’. வினைத்தொகை, நரம்பிலிருந்து எழுந்த, எழுகின்ற, எழும் அழற்சி. ஆனால் முடக்குவாதத்துக்கே இப்பெயரைச் சூட்டிவிடாதீர்கள். அந்நோயில் நிர்ப்பீடனத்தின் (உடலின் நோயெதிர்ப்பின்) பங்கே பெரிது. நரம்பு அதற்கு எண்ணெய் ஊற்றுகிறது.

ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்துவிட்டுப் போகலாம் என்ற அன்பருக்கு: 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். கொழும்பில் இருந்துகொண்டு நாம் கைவிரிப்பது அழகில்லை.

---

வணக்கம் ஐயா,

விளக்கத்துக்கு நன்றி. ஒரு சிக்கல். ‘நரம்பெழு’ என்று வாட்டில் சொன்னேன், “நரம்பு ஏழா, டொக்டர்?” என்று தாதி கேட்டார். ‘நரம்புதூண்டு அழற்சி’ எப்படி?

---

டொக்டர் தம்பி,

‘நரம்புதூண்டு’ என்பதை நரம்பைத் தூண்டும் அழற்சி என்றும் விரிக்கலாமே? அழற்சி நரம்பைக் கூர்மையாக்குவதும் உண்மையில் நடப்பதுதான்; மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்? விரிவுரைக் குறிப்பில் ‘நரம்பெழு அழற்சி’ என்றே எழுதுவோம். வாட்டில் ‘நரம்பால் எழும் அழற்சி’ என்று விரித்துச் சொல்லுங்கள். வெள்ளவத்தையில் அச்சாகும் நோயாளர் கையேட்டுக்குக் கலைச்சொல்லே வேண்டாம். ‘நரம்பு கிளப்பும் வீக்கம்’ போதும். மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று மாலை படிவம் அச்சகத்துக்குப் போகிறது.