எம்ஜிபி ஜிடியில் ரோவர் வி8 என்ஜின்: பழைய கியர்பாக்ஸ் தாங்குமா, கேட்கும் விலை நியாயமா?

கேள்வி:

வணக்கம். இங்கிலாந்தில் வசிக்கிறேன். 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி (எம்ஜி நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கலாமா என்று யோசித்து வருகிறேன். அதிலிருந்த 1798 சிசி நான்கு சிலிண்டர் என்ஜினை எடுத்துவிட்டு, ரோவர் எஸ்டி1 காரின் 3528 சிசி வி8 என்ஜினைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் கியர்பாக்ஸ், ஓவர்டிரைவுடன் (வேகமாகச் செல்லும்போது என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் பற்சக்கர அமைப்பு) கூடிய எம்ஜிபியின் பழைய நான்கு கியர் பெட்டியாகவே இருக்கிறது. பின் அச்சையும் மாற்றவில்லை. தொழிற்சாலையிலேயே தயாரான எம்ஜிபி ஜிடி வி8க்கு நெருக்கமான விலையை விற்பவர் கேட்கிறார். நிறுவனமும் இதே கியர்பாக்ஸைத்தானே வைத்தது என்பது அவருடைய வாதம். அது சரிதானா? இப்படி மாற்றியமைத்த காருக்கு அந்த விலை தகுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முதல் பதில்:

விற்பவர் சொல்வதில் பாதிதான் உண்மை. தொழிற்சாலை வி8 காரின் பெட்டியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், அதன் உறை வேறு, பற்சக்கர விகிதங்களும் வேறு. சாதாரண எம்ஜிபியில் முதல் கியர் 3.44, மூன்றாவது 1.38, வி8 காரில் அவற்றை 3.14, 1.26 என்று குறைத்தார்கள். எம்ஜிபியில் கிளட்சை மூடும் மணி வடிவ உறை கியர்பாக்ஸ் உறையோடு ஒரே வார்ப்பாக வருவதால், நீங்கள் பார்த்த காரில் இடையில் ஓர் அடாப்டர் தகடு இருந்தே ஆக வேண்டும். அதை யார் செய்தார், கிளட்ச் தண்டு மையம் பிசகாமல் அமர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி கணக்கைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் என்ஜினின் உச்ச முறுக்குவிசை சுமார் 149 நியூட்டன் மீட்டர். எஸ்டி1 வி8 என்ஜினுக்கு அது சுமார் 268. முதல் கியரில் இது 3.44 மடங்காகிப் பெட்டியை விட்டு வெளியேறுகிறது. அதாவது 510 அளவில் வரும் சுமைக்காக அமைந்த பற்கள் இப்போது 920 அளவைத் தாங்க வேண்டியிருக்கிறது. தொழிற்சாலை காரின் 262 நியூட்டன் மீட்டர் என்ஜினில், மாற்றிய விகிதங்களோடு, இதே சுமை 820 அளவில் நின்றுவிடுகிறது. பெயரளவில் ஒரே பெட்டி, ஆனால் சுமையில் நூறு நியூட்டன் மீட்டர் வித்தியாசம்.

என் கவலையெல்லாம் ஓவர்டிரைவைப் பற்றியதுதான். அது கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதால், கியர் பெருக்கிய முறுக்குவிசை முழுவதும் அதன் வழியாகத்தான் செல்கிறது. நான்காவது கியரில் பெருக்கம் இல்லை என்பதால் 268 மட்டுமே வரும். மூன்றாவதில் ஓவர்டிரைவைப் போட்டால் அது 370 ஆகிவிடும். தொழிற்சாலை வி8 கார்களில் ஓவர்டிரைவைப் பின்னாளில் நான்காவது கியருக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியதற்கு இதுவே காரணம். நீங்கள் பார்க்கும் காரில் மூன்றாவது கியரிலும் ஓவர்டிரைவ் விழுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். விழுந்தால், இந்தக் காரை மாற்றியமைத்தவர் என்ஜினைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பின் அச்சின் விகிதம் இன்னும் 3.9 என்றால், மணிக்கு 70 மைல் வேகத்தில் ஓவர்டிரைவ் போட்டும் என்ஜின் 3200 சுற்று அளவில் ஓடிக்கொண்டிருக்கும். தொழிற்சாலை காரில் 3.07 விகிதம் இருந்ததால் 2500 சுற்றே போதுமானதாக இருந்தது. கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும் வி8 என்ஜினைப் போட்டுவிட்டு அதை இப்படிச் சுழலவிடுவது வீண் வேலை.

இரண்டாம் பதில்:

விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிறுவனம் 1973 முதல் 1976 வரை உருவாக்கிய ஜிடி வி8 கார்கள் 2591 மட்டுமே. அவற்றின் அடிச்சட்ட எண்ணே அவை பிறப்பால் வி8 என்பதைக் காட்டிவிடும். சேகரிப்பவர்கள் அந்த எண்ணுக்காகவே கூடுதலாகக் கொடுக்கிறார்கள். 1972ஆம் ஆண்டுக் காரில் அது இருக்க வழியே இல்லை. கென் காஸ்டெல்லோ தொழிற்சாலைக்கு முன்பே வி8 பொருத்தி விற்ற கார்கள் உண்டு. அவற்றுக்குத் தனி மதிப்பும் உண்டு. ஆனால் அதற்கு ஆவணச் சான்று வேண்டும். மேலும் எஸ்டி1 கார் வெளிவந்ததே 1976இல்தான் என்பதால், உங்கள் காரில் இப்போதிருக்கும் என்ஜின் அந்தக் காலத்தில் பொருத்தப்பட்டதாக இருக்க முடியாது.

ஆகவே இதைத் தொழிற்சாலை வி8 காரோடு ஒப்பிடாமல், அதே நிலையிலுள்ள சாதாரண எம்ஜிபி ஜிடியின் விலையிலிருந்து தொடங்குங்கள். வேலை தரமாக இருந்தால் அதற்கு மேல் சற்றுச் சேர்க்கலாம். மாற்றத்துக்குச் செலவிட்ட பணம் முழுவதும் விற்பனையில் திரும்புவது அரிது. தகரத்தையும் பாருங்கள். பானட்டில் புடைப்பு இருக்கிறதா, ரேடியேட்டரை எங்கே நகர்த்தினார்கள், புகைக்குழாய்க்காக உள் மட்கார்டை வெட்டியிருந்தால் ஓரங்களை மடித்து வெல்டு செய்தார்களா, வெறுமனே அறுத்துவிட்டார்களா? தொழிற்சாலை கார்புரேட்டர்களைப் பின்பக்கம் தள்ளி வைத்துப் பானட்டைத் தட்டையாகவே விட்டது. அந்த அமைப்பைப் பின்பற்றியிருந்தால் நல்ல அறிகுறி.

வி5சி பதிவு ஆவணத்தில் என்ஜின் எண்ணும் 3528 சிசியும் பதிவாகியிருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் எல்லா மாற்றங்களையும் சொல்லி, ஒப்புக்கொண்ட மதிப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஓட்டிப் பார்த்தேன், மூன்றாவது கியரிலும் ஓவர்டிரைவ் விழுகிறது. உள் மட்கார்டு வேலை சுத்தமாகவே தெரிந்தது. ஐந்து கியர் பெட்டிக்கு மாற்றுவதாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

மூன்றாம் பதில்:

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். மேலே சொன்ன கணக்கு சரியானதுதான். ஆனால் அது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது வரும் உச்ச அளவு. பழைய நான்கு கியர் பெட்டியை வி8 என்ஜினோடு பல ஆண்டுகள் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். கிளட்சை வெடுக்கென்று விடாமல், மூன்றாவது கியர் ஓவர்டிரைவின் மின்தொடர்பைத் துண்டித்துவிட்டால், வார இறுதி ஓட்டத்துக்கு அது உடனே உடைந்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். எண்ணெயை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டிக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே எண்ணெய்தான். நிறுவனம் பரிந்துரைத்தது என்ஜினில் ஊற்றும் அதே 20டபிள்யூ-50. கியர்பாக்ஸ்தானே என்று ஈபி90 கியர் எண்ணெயை ஊற்றினால் ஓவர்டிரைவின் கூம்புக் கிளட்ச் நழுவத் தொடங்கும். கியர்பாக்ஸின் எண்ணெய் அளவுக் கம்பியை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஈபி எண்ணெயின் கந்தக நாற்றம் தனியாகத் தெரியும்.

மாற்றுவதென்றால் எஸ்டி1 காரின் எல்டி77 பெட்டி அந்த என்ஜினுக்கே உரியது, 3.5 லிட்டருக்குப் போதுமானது. குளிரில் இரண்டாவது கியர் சற்று முரண்டு பிடிக்கும். அதை நோய் என்று எண்ண வேண்டாம். அதன் பின்வந்த ஆர்380 பெட்டியின் பெயரே 380 நியூட்டன் மீட்டர் தாங்குதிறனைக் குறிக்கிறது. நாளை 3.9 லிட்டர் என்ஜினுக்குப் போகும் எண்ணம் இருந்தால், அது தரும் 318 அளவுக்கும் அதில் இடம் மிச்சம் இருக்கும். எதைப் போட்டாலும் குறுக்குச் சட்டம், புரொப்பெல்லர் தண்டு, கியர் கம்பி வெளிவரும் துளை, ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாமே மாறும், 3.07 விகிதப் பின் அச்சையும் அதே வேலையோடு முடித்துவிடுங்கள். இந்தப் பட்டியலுக்கு ஒரு பட்டறையிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, கேட்கும் விலையிலிருந்து அதைக் கழித்துச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால், மூன்றாவது கியரில் ஓவர்டிரைவைப் போட்டுக் காட்டி, தொழிற்சாலை பின்னாளில் இதை ஏன் நிறுத்தியது என்று அவரிடமே கேளுங்கள்.