‘எங்கட ஆக்கள்’ வாட்ஸ்அப் குழுவில் ஐசி (அடையாள அட்டை) கதை

ஒக்டோபர் 2025, ஞாயிறு பின்னேரம்

ஈஸ்ட்ஹாம் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) டிஜிட்டல் ஐடி வேண்டாம்! பெட்டிஷனில் கையெழுத்துப் போட்டு எல்லாருக்கும் அனுப்புங்கள்!!

ஈஸ்ட்ஹாம் மாமா: எல்லாரும் போடுங்கோ. 25 லட்சத்துக்கு மேலே போட்டாச்சு.

ஹரோ சித்தி: அண்ணா, என்ன விஷயம் என்று தெரியாமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுகிறதில்லை.

மதி: அம்மா, செப்டெம்பர் 26ஆம் திகதி பிரதமர் ஸ்டார்மர் அறிவித்ததுதான். 2029க்குள் புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லாரும் போனில் இருக்கிற டிஜிட்டல் ஐடியைக் காட்ட வேண்டுமாம், பிரிட்டிஷ் பிரஜை என்றாலும். தெருவில் யாரும் மறித்துக் கேட்க மாட்டார்களாம்.

ஹரோ சித்தி: இப்ப அப்படித்தான் சொல்லுவார்கள்.

ஈஸ்ட்ஹாம் மாமா: சட்டவிரோத வேலையை நிற்பாட்டத்தானாம். கடைக்காரன் நான் சொல்கிறேன், நடக்காது. வேலை செய்ய உரிமை இல்லாத ஆளை வைத்துப் பிடிபட்டால் முதல் தரமே ஒரு ஆளுக்கு 45,000 பவுண் வரை அடி. திரும்பப் பிடிபட்டால் 60,000 வரை. அதற்கே பயப்படாமல் கையில் காசைக் கொடுத்து வேலை வாங்குகிறவன் புதுக் கார்ட்டுக்கா பயப்படப் போகிறான்?

கவி: மாமா, உங்களுக்கெல்லாம் இனித்தான் வரப்போகிறது. எனக்கு வந்து கனகாலம். பிளாஸ்டிக் விசா கார்ட்டெல்லாம் 2024 கடைசியோடு முடிந்தது. இப்ப எல்லாம் ஈ-விசா. கையில் ஒரு கடதாசித் துண்டும் இல்லை. யார் கேட்டாலும் வெப்சைட்டுக்குள் போய் ஷெயார் கோட் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு வேறொன்று. 90 நாளில் அது காலாவதி.

கவி: போன மாதம் இல்ஃபர்ட்டில் ஒரு அறை பார்க்கப் போனேன். கோட்டைக் கொடுத்தேன். ஏஜென்ட் “வெப்சைட் ஸ்லோ, பிறகு பார்க்கிறேன்” என்று ஒரு ஸ்டிக்கி நோட்டில் எழுதி மொனிட்டரில் ஒட்டினாள். எனக்குப் பின்னால் வந்த பெடியன் நீல பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தான். பின்னேரம் எனக்கு டெக்ஸ்ட் வந்தது, அறை போய்விட்டது என்று.

ஹரோ சித்தி: ஏன் பிள்ளை அப்பவே சொல்லவில்லை?

கவி: சொல்லி என்ன சித்தி?

மதி: இது கோர்ட்டுக்கே போன விஷயம். வாடகைக்கு விடமுன் விசா பார்க்க வேண்டும் என்ற சட்டத்தால் வீட்டுக்காரர்கள் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று 2019இல் லண்டன் ஹைகோர்ட் சொன்னது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பாகுபாடு நடக்கிறது என்பதை ஒத்துக்கொண்டது. ஆனால் சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்தால் அது நியாயப்படுத்தக்கூடியது என்று தீர்ப்பை மாற்றிவிட்டது. சட்டம் அப்படியே இருக்கிறது.

ஹரோ சித்தி: நல்ல நியாயம்!

நல்லூர் பெரியம்மா: என்ன பிள்ளையள், ஐசி இல்லாத நாடும் இருக்கோ? இங்கே ஐசி இல்லாமல் ஒரு அலுவலும் பார்க்க ஏலாதே.

மதி: இங்கேயும் இருந்தது பெரியம்மா. யுத்தத்துக்காக 1939இல் கொடுத்தார்கள், யுத்தம் முடிந்தும் விடவில்லை. 1950 டிசம்பரில் ஃபின்ச்லியில் வில்கொக் என்று ஒருவரைப் பொலிஸ் மறித்துக் கார்ட் கேட்டது. அவர் காட்ட மாட்டேன் என்று நின்றார். கேஸில் அவர் தோற்றார். ஆனால் யுத்தகால அதிகாரத்தைச் சமாதான காலத்திலும் பிடித்துவைத்திருந்தால் ஒழுங்கான சனத்துக்குப் பொலிஸ் மேலேயே வெறுப்பு வரும் என்கிற மாதிரி நீதிபதிகளும் கண்டித்தார்கள். 1952இல் கார்ட்டை எடுத்துவிட்டார்கள்.

மதி: பிறகு பிளேயர் அரசு 2006இல் திரும்பச் சட்டம் கொண்டுவந்தது. கார்ட் 30 பவுண். 2010இல் வந்த அரசு அதை ரத்துச் செய்தது. காசு கொடுத்து வாங்கினவர்களுக்கு ஒரு சதமும் திரும்பக் கிடைக்கவில்லை. 2011 பெப்ரவரியில் குடிவரவு அமைச்சர் டேமியன் கிரீன் நேரே போய் நின்று, விபரம் இருந்த ஹார்ட் டிஸ்க்குகளை மெஷினில் போட்டு அரைத்தார்.

ஈஸ்ட்ஹாம் மாமா: அதுதான் ஜனநாயகம்!

நான்: மாமா, வெளிநாட்டுக்காரரின் கார்ட்டை அந்த மெஷினுக்குள் போடவில்லை. 2008இல் எங்களுக்கு என்று தொடங்கின பயோமெட்ரிக் கார்ட், விரலடையாளத்தோடு, அப்படியே தொடர்ந்தது. இப்ப கவியின் போனுக்குள் வந்து நிற்கிறது. அந்தக் காலத்தில் எங்கே போனது உங்கட பெட்டிஷன்?

ஈஸ்ட்ஹாம் மாமா: தம்பி, அது வேறை. வந்த வீட்டில் வீட்டுக்காரன் கேட்டால் காட்டத்தானே வேணும்.

ஹரோ சித்தி: அப்ப கொழும்பிலும் நாங்கள் வந்த ஆக்களோ அண்ணா?

ஹரோ சித்தி: மறந்துபோனியளோ? 96இல் சென்ட்ரல் பேங்கில் குண்டு வெடித்த பிறகு வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குப் போவதற்குள் எத்தனை செக்பொயின்ட். ஐசியை வாங்கினால் படத்தைப் பார்க்க மாட்டான். பிறந்த இடத்தைத்தான் பார்ப்பான். யாழ்ப்பாணம் என்று இருந்தால் “இறங்கு”. பக்கத்து சீட்டில் இருந்த சிங்களப் பெண்ணிடமும் அதே கார்ட்தான் இருந்தது. அதே நிறம், அதே அளவு. அவளை ஒருவனும் இறக்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த துண்டை நான் கைப்பையிலேயே வைத்துத் திரிந்தேன்.

நல்லூர் பெரியம்மா: 2007இலும் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த எங்கட சனத்தை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்களே. உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் நின்றது. அதில் எத்தனை பேரிடம் ஐசி இருந்தது. அது காப்பாற்றினதோ?

நல்லூர் பெரியம்மா: இல்லாட்டியும் கஷ்டம்தான். ஹற்றனில் படிப்பித்தபோது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் ஐசி இல்லை, அதனால் ஓஎல் பரீட்சை எழுதக் கஷ்டம். 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்ததன் மிச்சம்.

மதி: விண்ட்ரஷ் கதையும் அதுதான் பெரியம்மா. கரீபியனில் இருந்து சின்ன வயதில் சட்டப்படி வந்தவர்கள். அவர்கள் கப்பலில் வந்து இறங்கினதற்கான பதிவுக் கார்ட்டுகளை அரசே 2010இல் அழித்துவிட்டது. பிறகு “நீ எப்ப வந்தாய், ஆதாரம் காட்டு” என்று கேட்டார்கள். வேலை போனது, வைத்தியம் மறுக்கப்பட்டது, சிலரை நாடு கடத்தினார்கள். 2018இல்தான் பெரிய பிரச்சினையாகி மன்னிப்புக் கேட்டார்கள்.

ஈஸ்ட்ஹாம் மாமா: பார்த்தியா, கார்ட் இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள். அப்ப கார்ட் நல்லதோ கூடாதோ? ஒரு பக்கம் நில்லுங்கோ.

கவி: நான் ஒரு பக்கம் நிற்கிறேன் மாமா. எல்லாருக்கும் வரட்டும். நீலப் பாஸ்போர்ட்காரனும் வெப்சைட்டுக்குள் போய்ப் பாஸ்வேர்ட் மறந்து நிற்கட்டும். ஏஜென்ட் அவனுடைய கோட்டையும் மொனிட்டரில் ஒட்டட்டும். எனக்கு மட்டும் இருக்கிறபடியால்தான் “பிறகு பார்க்கிறேன்”.

ஹரோ சித்தி: உன்ர கோபம் விளங்குது. ஆனால் எல்லாற்ற விபரமும் ஒரே இடத்தில் போய்க் குவிந்தால், நாளைக்கு வேறொரு அரசு வந்து அதை எதற்குப் பாவிக்கும்? நிரந்தர வதிவிடத்தையே எடுத்துவிடுவோம் என்று ரிஃபோர்ம் கட்சித் தலைவர் ஃபராஜ் போன மாதம்தானே சொன்னார். லிஸ்ட் முதலே தயாராக இருந்தால் அவருக்கு வேலை சுகம்.

மதி: கொடுக்கிற நேரம் ஒரு காரணம், பிறகு வேறு காரணம். 2017இல் அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் நோயாளிகளின் விலாசத்தைக் குடிவரவுத் துறைக்குக் கொடுக்க ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். டொக்டர்மார் எதிர்த்து, 2018இல் நிறுத்த வேண்டி வந்தது. விசா இல்லாத ஆள் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கவே பயப்பட்டால் பிறகு என்ன நாடு?

ஈஸ்ட்ஹாம் மாமா: சரி சரி. அப்ப பெட்டிஷனில் போடுகிறதோ இல்லையோ?

ஹரோ சித்தி: நான் போடுவேன். உங்கட காரணத்துக்காக இல்லை.

கவி: நான் போட மாட்டேன். பெட்டிஷனில் எனக்கு ஈ-விசா வேண்டாம் என்று ஒரு வரியும் இல்லை.

நல்லூர் பெரியம்மா: நான் போடலாமோ?

மதி: நீங்கள் இங்கத்தைப் பிரஜையோ வதிவாளரோ இல்லையே பெரியம்மா.

நல்லூர் பெரியம்மா: அதுக்கும் ஐசி கேட்பினமோ!

ஈஸ்ட்ஹாம் மாமா: கவி, சனிக்கிழமை கடையில் ஆள் குறைவு. வாறியோ? மாணவர் விசாதானே, கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம். ஷெயார் கோட்டும் பிறந்த திகதியும் அனுப்பு. வெப்சைட்டில் வருகிற படத்தை நேரில் ஒத்துப்பார்த்து பிடிஎஃப் எடுத்து வைக்க வேணும். நீ வேலையை விட்டாலும் இரண்டு வருஷம் ஃபைலில் இருக்க வேணுமாம்.

கவி: அனுப்புகிறேன் மாமா.

மதி: மாமா, இரண்டு வருஷமாக ஒவ்வொரு சனியும் நான் உங்கட கடை கவுன்டரில் நிற்கிறேன். என்னிடம் ஒரு துண்டும் கேட்கவில்லையே?

ஈஸ்ட்ஹாம் மாமா: உன்னை ஏன் கேட்கிறது? நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து தூக்கினவன் நான்.

மதி: அதைச் செக் பண்ணினதாகக் கணக்கெடுக்க மாட்டார்கள் மாமா. ஆள் பார்த்துக் கேட்கக் கூடாது, எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டும் என்றுதான் முதலாளிமாருக்கான அரசாங்கக் குறிப்பிலேயே இருக்கிறது.

கவி: கேளுங்கோ மாமா, கேளுங்கோ.

ஈஸ்ட்ஹாம் மாமா: சரி, நீயும் சனிக்கிழமை பாஸ்போர்ட்டோடு வா. தாடியை எடுத்துவிட்டு வா. இல்லாட்டி படத்தோடு ஒத்துப்பார்க்க ஏலாது.