கையில் ஒரு கேமிங் பிசி: 15 வாட்டுக்குள் ஆடிப் பார்த்த அனுபவம்

என்னிடம் இருப்பது வால்வ் நிறுவனத்தின் கையடக்க பிசியான ஸ்டீம் டெக், 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடல். கையடக்க பிசி வாங்க நினைக்கிற எல்லாரும் முதலில் கேட்பது "எந்த கேமெல்லாம் இதில் ஓடும்?" என்றுதான். வைத்து ஆட ஆரம்பித்துவிட்டால் அந்தக் கேள்வி தானாகப் பின்னுக்குப் போய்விடும். பெரும்பாலான கேம்கள் எப்படியோ ஓடிவிடுகின்றன. எத்தனை வாட்டில் ஓடுகின்றன என்பதைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்கப் பழகியவர்களுக்கு இந்தக் கருவி ரொம்பப் பிடித்துப்போகிறது. பழகாதவர்கள் "பேட்டரி நிற்கவே மாட்டேங்குது" என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

கணக்கு எளிதானது. இதன் பேட்டரி 50 வாட்-மணி. திரை, ஃபேன், சிப் எல்லாம் சேர்ந்து 25 வாட் இழுத்தால் 2 மணி நேரம், 10 வாட் இழுத்தால் 5 மணி நேரம். சிப்புக்கு மட்டும் உச்ச வரம்பு 15 வாட். அதை 3 வாட் வரை நாமே குறைத்துக்கொள்ளலாம். வலது டிராக்பேடுக்குக் கீழே மூன்று புள்ளி போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தி பேட்டரி படம் உள்ள பக்கத்துக்குப் போனால் எல்லாக் கட்டுப்பாடும் அங்கேயே கிடைக்கும். ஒவ்வொரு கேமுக்கும் தனி செட்டிங்ஸ் வைத்துக்கொள்ளும் வசதியும் அதே பக்கத்தில்தான். முதல் வேலையாக அதை ஆன் செய்துவிடுங்கள். அப்புறம் ஒரு கேமுக்குச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆளுயரப் புல் அசைகிற, தூரத்து மலை வரை தெரிகிற ஒரு பெரிய திறந்தவெளி கேம். வரம்பு எதுவும் வைக்காமல் விட்டால் மூலையில் உள்ள ஃபிரேம் எண் (ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) ஐம்பதைத் தாண்டும், ஊருக்குள் நுழைந்ததும் நாற்பதுகளுக்கு இறங்கும், மறுபடி ஏறும். கண்ணை உறுத்துவது இந்த ஏற்ற இறக்கம்தான். எண் குறைவாக இருப்பது அவ்வளவாகத் தெரியாது. 40-இல் பூட்டிவிட்டேன். ஃபேன் சத்தம் சட்டென்று அடங்கியது. கேமராவைச் சுற்றிப் பார்த்தால் புல், சுவர், ஆட்கள் எல்லாம் ஒரே சீராக நகர்ந்தன. வெளிச்சக் கதிர், நிழல் இரண்டையும் நடுத்தரத்துக்கு இறக்கினேன். ஏழரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான திரையில் அந்த வித்தியாசத்தைத் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஏன் 40? 60 ஃபிரேமில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லிசெகண்ட் நிற்கிறது, 30-இல் 33.3. இரண்டுக்கும் சரியான நடு 25 மில்லிசெகண்ட், அதாவது 40 ஃபிரேம். எண்ணிக்கையில் பத்துதான் கூடியிருக்கிறது, ஆனால் கையில் உணர்கிற வேகத்தில் 30-க்கும் 60-க்கும் இடையில் பாதித் தூரம் வந்துவிடுகிறோம். ஓஎல்இடி திரை 90 ஹெர்ட்ஸ் வரை போகும் என்பதால் 40 வைத்தால் திரை 80-இல் ஓடி ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டும். பழைய எல்சிடி மாடலிலும் திரையையே 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கலாம். இந்த ஒரு செட்டிங்குக்காகவே இந்தக் கருவியை நான் சிபாரிசு செய்வேன்.

சின்ன கேம்களில் இன்னும் நல்லது. ஸ்டார்டியூ வேலி, பலாட்ரோ மாதிரியானவற்றுக்கு 15 வாட் எதற்கு? 4, 5 வாட்டில் வரம்பு வைத்தாலும் ஒரு குறையும் தெரியாது. பேட்டரி முள் நகர்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு நீடிக்கும்.

அடுத்தது ஸ்லீப். பவர் பட்டனை ஒரு தட்டு தட்டினால் கேம் அந்த நொடியில் அப்படியே நிற்கும். பாதிச் சண்டையிலோ, பாதி வசனத்திலோ, எங்கே நின்றாலும் சரி. மறுபடி தட்டினால் சில நொடிகளில் அதே இடம். வேலையும் வீடும் இருக்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பது அபூர்வம், இருபது நிமிடம் கிடைக்கும். மேசை பிசியில் அந்த இருபது நிமிடத்துக்கு உட்காரவே தோன்றாது. இதில் உட்காராமலே ஆடிவிடலாம். வருடக்கணக்கில் வாங்கிக் குவித்து வைத்திருந்த நீளமான கதை கேம்களை நான் முடிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் சிப்பின் திறன் இல்லை, இந்த பட்டன்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள். அதே கேமை மேசை பிசியில் தொடரப் போகிறீர்கள் என்றால் ஸ்லீப்பில் விடாமல் கேமை மூடிவிட்டு, சேவ் நெட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அக்கா மகன் ஒரு நாள் வந்தவன், இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சித்தி, இது நிஜமாவே கம்ப்யூட்டரா?" என்றான். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து டெஸ்க்டாப் மோடுக்குப் போய், யூஎஸ்பி-சி ஹப் வழியாக மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் மாட்டிக் கொடுத்தேன். உள்ளே விண்டோஸ் இல்லை, இருப்பது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ் என்ற இயங்குதளம், டெஸ்க்டாப் முகம் கேடிஇ பிளாஸ்மா. பிரவுசரைத் திறந்து தன் பள்ளிக் கட்டுரையை அதிலேயே அடித்து முடித்தான். "அப்போ விண்டோஸ் கேம் லினக்ஸ்ல எப்படி ஓடுது?" என்று அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. நடுவில் புரோட்டான் என்று ஒரு அடுக்கு இருக்கிறது. வைன் என்ற பழைய திட்டத்தின் மேல் கட்டி 2018-இல் வால்வ் வெளியிட்டது. விண்டோஸை எதிர்பார்த்து கேம் கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும், டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை வல்கனாக மாற்றும். இத்தனை மாற்றம் நடந்தும் வேகம் பெரிதாகக் குறையாமல் இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சில நேரம் இந்த அடுக்கு விண்டோஸைவிட நன்றாகவே வேலை செய்யும். எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் வந்தபோது பிசியில் அங்கங்கே திக்கித் திக்கி ஓடியது. டெக்கில் அந்தத் திக்கலைக் குறைக்க வால்வ் தன் பக்கத்திலேயே திருத்தம் கொண்டுவந்தது. அது தவிர, எல்லா டெக்கிலும் ஒரே வகைச் சிப் என்பதால் ஷேடர்களை (ஒளி, நிழல், நிறத்தை வரைகிற சிறு நிரல்களை) முன்கூட்டியே தயாரித்து டவுன்லோடிலேயே அனுப்பிவிட முடிகிறது. ஆடும்போது நின்று நின்று தயாரிக்க வேண்டியதில்லை.

ஓடாதவையும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆன்லைன் போட்டி கேம்களில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்களில் பல லினக்ஸை ஏற்காது. ஃபோர்ட்நைட், வாலரன்ட் இரண்டும் ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024-இல் லினக்ஸ் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். நண்பர்களோடு தினமும் ஆடுவது இவற்றில் ஒன்று என்றால் விண்டோஸ் உள்ள கருவிதான் உங்களுக்குச் சரி.

தோழி ஒருத்தி அதனால்தான் ஆசஸ் நிறுவனத்தின் விண்டோஸ் கையடக்க பிசியான ஆர்ஓஜி அலையை (ROG Ally) வாங்கினாள், 2023-இல் வந்த முதல் மாடல். ரெண்டையும் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்த்தோம். அதன் 7 அங்குலத் திரை 1080பி, 120 ஹெர்ட்ஸ், அதோடு விஆர்ஆர் உண்டு. சிப் படத்தை முடிக்கும் வேகத்துக்குத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதால் ஃபிரேம் ஏறி இறங்கினாலும் கண்ணுக்கு உறுத்தாது. நான் 40-இல் பூட்டி வாங்குகிற சீரை அவள் எதையும் பூட்டாமலே வாங்குகிறாள். சிப்பும் வலுவானது, கூடுதல் வாட் கொடுத்தால் என்னுடையதைத் தாண்டி ஓடுகிறது. ஆனால் பேட்டரி 40 வாட்-மணிதான், அந்தக் கூடுதல் வாட்டைக் கொடுத்தால் சார்ஜரைப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். என் திரையின் கறுப்பைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டாள், அவள் திரையின் வழுக்கலைப் பார்த்து நான்.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது எழுத்தின் அளவு. பெரிய மானிட்டருக்காக எழுதிய மெனுவை இந்தத் திரையில் படிக்க முகத்தைத் திரைக்குள் நுழைக்க வேண்டியிருக்கிறது. ஒரு கேம் டெக்கில் நன்றாக ஓடும் என்பதற்கான பச்சை டிக் வாங்க, 1280 x 800-இல் எந்த எழுத்தும் 9 பிக்சல் உயரத்துக்குக் குறையக் கூடாது என்று வால்வ் சொல்கிறது. 9 பிக்சல் என்பது படிக்க முடிகிற அளவு, சுகமாகப் படிக்கிற அளவு இல்லை. நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு இது பெரிய விஷயம். கேம் தயாரிப்பவர்கள் எழுத்தைப் பெரிதாக்கும் ஒரு செட்டிங்கை வைத்தாலே போதும். பல வருடம் உழைத்து எழுதிய கதையை ஆட்கள் படிக்காமல் தாண்டிப்போவது பாவம்.

இன்னொரு எரிச்சல், கேமுக்குள் இன்னொரு லாஞ்சர். பயணத்தில் நெட் இல்லாத இடத்தில் கேமைத் திறந்தால், வேறொரு நிறுவனத்தின் லாக்இன் பெட்டி வந்து வழி மறித்து நின்றது. தனி ஆளாக ஆடுகிற கேம் அது, நெட்டுக்கு அதில் வேலையே இல்லை. கிளம்பும் முன் எடுத்துப்போகிற ஒவ்வொரு கேமையும் ஆஃப்லைன் மோடில் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை 640 கிராம். உட்கார்ந்து முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொண்டால் தெரியாது, மல்லாந்து படுத்துக்கொண்டு தூக்கிப் பிடித்தால் கால் மணியில் மணிக்கட்டு சொல்லிவிடும். மெத்தை, போர்வை மேல் வைத்து ஆடாதீர்கள். காற்று பின்பக்கமாக உள்ளே போய் மேல்பக்கமாக வெளியே வருகிறது, பின்பக்கம் அடைபட்டால் ஃபேன் அலற ஆரம்பிக்கும்.

வாங்கும் எண்ணம் இருந்தால், அடுத்து ஆட நினைக்கிற நாலைந்து கேம்களின் பெயரை எழுதி புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பாருங்கள். எந்த செட்டிங்கில் ஓடியது, எங்கே தகராறு என்று ஆடியவர்களே எழுதியிருப்பார்கள். பச்சை டிக்கைவிட அந்தக் குறிப்புகளை நான் நம்புகிறேன். பவர் பேங்க் வாங்கினால் யூஎஸ்பி-சி பிடி (வேக சார்ஜ்) முறையில் 45 வாட் தருகிறதா என்று பார்த்து வாங்குங்கள், டெக்கோடு வருகிற சார்ஜரும் அதே அளவுதான். போனுக்கு வாங்கிய சின்ன பேங்க்கை மாட்டினால் சார்ஜ் ஏறுகிற மாதிரிக் காட்டும், பெரிய கேம் ஆடும்போது எண் இறங்கிக்கொண்டே இருக்கும்.