அம்மாவுக்கு மண்டையோட்டு அடித்தளக் கட்டி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. நாலு மாதமாகப் பக்கவாட்டுப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நானும் இருந்துவிட்டேன். அதுதான் இப்போது மனதை அறுக்கிறது. எம்ஆர்ஐயில், பார்வை நரம்புகளை அழுத்தியபடி 2.5 செ.மீ. மெனிஞ்சியோமா, அதாவது மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத வகை என்பது மட்டும் ஆறுதல்.

ஒரு மருத்துவர் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் (கேமரா உள்ள மெல்லிய குழாய்) செலுத்தி எடுக்கலாம் என்கிறார். மூளையை விலக்க வேண்டியதில்லை. ஆனால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியே கசியும் அபாயம் உண்டு; அதைத் தடுக்க, மூக்கின் நடுச்சுவரிலிருந்து சவ்வைத் திருப்பி ஓட்டையை மூடுவார்களாம். இன்னொருவர், கட்டி இரத்தக் குழாயை ஒட்டியிருப்பதால் மண்டையோட்டைத் திறப்பதே நல்லது என்கிறார். இருவருமே அனுபவசாலிகள். யார் சொல்வதைக் கேட்பது?

இதைக் கடந்து வந்தவர்கள், உடனிருந்து பார்த்துக்கொண்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பார்வை எவ்வளவு திரும்பியது? வாசனை தெரிகிறதா? மூக்கைச் சிந்தாமல், முக்காமல் எத்தனை வாரம் இருந்தீர்கள்? அப்புறம், "இந்த அறுவையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று மருத்துவரிடமே கேட்டீர்களா? கேட்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.