மறு: எம்பெடட் கிளஸ்டருக்குத் தமிழ் – ‘புதைந்த கொத்து’ சரிதானா?

அன்புள்ள நண்பர்களே,

நம் வானியல் கலைச்சொல் தொகுப்புக்காக ‘எம்பெடட் கிளஸ்டர்’ (பிறந்த முகிலுக்குள்ளேயே மூடிக் கிடக்கும் இளம் விண்மீன் கொத்து) பற்றி வந்த மடலுக்கு இது மறுமொழி.

> எம்பெடட் கிளஸ்டர் = புதைந்த விண்மீன் கொத்து. சிக்கல் ஒன்றும் இல்லை, அப்படியே போட்டுவிடலாம்.

சிக்கல் இருக்கிறது. தமிழில் எதையெல்லாம் புதைப்போம்? பிணத்தை, புதையலை, கேபிளை. மூன்றும் யாராவது தோண்டினால்தான் வெளியே வரும். நாம் பேசுகிற கொத்தோ அப்போதுதான் பிறந்தது. தன்னைப் பெற்ற முகிலுக்குள்ளேயே, வளியும் (வாயுவும்) தூசும் சேர்ந்த அந்த மூட்டத்துக்குள்ளேயே, இருக்கிறது. இருபது முப்பது லட்சம் ஆண்டுக்குள் அந்த முகிலைத் தானே கிழித்துக்கொண்டு வந்துவிடும். மூடியிருக்கிறது என்பது பாதிப் பொருள், உள்ளிருப்பதே அதைத் திறக்கப்போகிறது என்பது மறு பாதி. ‘புதைந்த’ முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. ‘பொதிந்த’ சற்றுத் தேவலை, ஆனாலும் அதே குறை.

என் முன்மொழிவு: பாளைக் கொத்து.

தென்னந்தோப்பில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மட்டைக்கும் தண்டுக்கும் இடையில் பாளை கூர்மையாக நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. உள்ளிருக்கும் பூக்கதிர் முற்ற முற்றப் பாளை ஒரு பக்கமாகக் கீறி விரியும். ஓரியன் முகிலில் நடந்திருப்பது ஏறக்குறைய இதுதான். மார்கழி இரவில், வேட்டைக்காரன் உருவ விண்மீன் குழுவான ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களுக்குக் கீழே புகைபோல ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியுமே, அங்கே. தொலைவு சுமார் 1,350 ஒளியாண்டு, உள்ளிருக்கும் கொத்தின் வயது பத்திருபது லட்சம் ஆண்டு. அதன் நடுவில் சரிவகம் போல நிற்கும் நான்கு மீன்களில் ஒன்று, தீட்டா-1 ஓரியானிஸ் சி, சூரியனைப்போல முப்பது மடங்குக்கு மேல் நிறை உடையது. சுற்றியுள்ள வளியைப் பத்தாயிரம் டிகிரிக்குச் சூடாக்கி வெளியே தள்ளுவதில் பெரும்பங்கு இந்த ஒரு மீனுடையது. கீறல் விழுந்தது முகிலின் நம் பக்கத்தில் என்பதால் நமக்கு உள்ளே தெரிகிறது. அது நம் நல்லூழ்.

இன்னும் ஒன்று. அந்தத் திறந்த கொத்துக்குப் பின்னால், அதே முகிலில், 1967இல் வானியலாளர்கள் பெக்லினும் நியூகெபாவரும் அகச்சிவப்பில் மட்டும் ஒளிரும் ஒரு பொருளைக் கண்டார்கள். தூசு மறைப்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அங்கே ஒன்றுமே இல்லை. ஒரே மரத்தில் விரிந்த பாளையும் விரியாத பாளையும் இருப்பதுபோல என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இதிலிருந்து கிளைச்சொற்கள் எளிதாக வரும்: பாளைப் பருவம், பாளை விரிதல். பேச்சில் பாளை ‘வெடிக்கும்’ என்போம், தெரியும். ஆனால் இந்தத் துறையில் வெடிப்பு என்றவுடன் சூப்பர்நோவாதான் நினைவுக்கு வரும். பாளை விரிய சூப்பர்நோவா தேவையில்லை. புறஊதா ஒளியும் மீன்காற்றும் (விண்மீனிலிருந்து வீசும் துகள் ஓட்டமும்) போதும். ஆகவே விரிதல்.

அடுத்து ‘மாசிவ் ஸ்டார்’, அதாவது மாஸ் (நிறை) மிகுந்த விண்மீன்.

> பெரிய விண்மீன் போதுமே?

போதாது. சுவாதி (ஆர்க்டரஸ்) நிறையில் சூரியனை ஒட்டியது, விட்டத்திலோ 25 மடங்கு. மேலே சொன்ன தீட்டா மீன் விட்டத்தில் பத்து மடங்கு அளவுதான், நிறையில் முப்பதுக்கு மேல். எது பெரியது? ‘பெருநிறை விண்மீன்’ என்றால் குழப்பம் இல்லை. சூரியனைப்போல எட்டு மடங்குக்கு மேல் இருந்தால் பெருநிறை. நூறைத் தாண்டினால் ‘மீப்பெருநிறை’ என்று தனியாக வைக்கலாம், டாரண்டுலா முகிலின் ஆர்136 கொத்தில் அப்படிச் சில உண்டு. அந்த ஆர்136இன் நடுப்பகுதியையே ஒற்றை மீன் என்றும் ஆயிரம் சூரியனுக்கு மேல் நிறை என்றும் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1985இல் வானியலாளர்கள் வைகெல்ட்டும் பையரும் கூர்ந்து பிரித்துப் பார்த்தபோது அங்கே எட்டு மீன்களாவது இருந்தன. கொத்தை மீன் என்று நினைத்த கதை.

‘முதிரா விண்மீன்’ (இன்னும் ஹைட்ரஜனை எரிக்கத் தொடங்காத மீன்) என்ற சொல்லைப் பெருநிறைக்குப் பயன்படுத்தும்போது ஒரு அடிக்குறிப்பு வேண்டும். சூரியன் வளி விழுவது நின்றபின் கோடிக்கணக்கான ஆண்டுகள் சுருங்கித்தான் ஹைட்ரஜனை எரிக்கத் தொடங்கியது. பெருநிறை மீனுக்கு அந்த அவகாசமே கிடையாது. வளி இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போதே உள்ளே எரியத் தொடங்கிவிடும். பால்குடி மறக்குமுன் வேலைக்குப் போன பிள்ளை. அதனால்தான் அது பிறப்பதைப் பார்ப்பது இத்தனை கடினம், எல்லாம் பாளைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

கடைசியாக ‘சிறார் இறப்பு’, இளங்கொத்துகள் குலைவதைச் சொல்லும் ‘இன்ஃபண்ட் மார்ட்டாலிட்டி’. ஆங்கிலத்திலேயே அது தவறான சொல். முகிலின் பொருளில் 10 முதல் 30 விழுக்காடுதான் மீனாகிறது. மீதி வளி வெளியேறியதும் ஈர்ப்பு தளர்ந்து கொத்து குலைந்துவிடும். நூற்றில் பத்துக்கும் குறைவான கொத்துகளே கார்த்திகைக் கொத்தின் வயதை, அதாவது பத்துக் கோடி ஆண்டை, எட்டும் என்பது வானியலாளர்கள் சார்லஸ் லாடாவும் எலிசபெத் லாடாவும் 2003இல் வெளியிட்ட கணக்கு. ஆனால் மீன் எதுவும் சாகவில்லையே, பிரிந்துபோகின்றன, அவ்வளவுதான். முதலில் ‘குரும்பை உதிர்வு’ என்று எழுதி வைத்திருந்தேன், பாளையோடு அழகாகப் பொருந்துகிறது என்று. பிறகு அடித்துவிட்டேன். உதிர்வது குரும்பை ஒவ்வொன்றாக, இங்கே கலைவதோ முழுக் கொத்து. ‘இளங்கலைவு’ என்றும் போட்டுப் பார்த்தேன், பி.ஏ. பட்டம் போல ஒலித்தது. ‘கொத்துக் கலைவு’ இருக்கட்டும்.

———

ஐயா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

‘பெருநிறை’ எங்களுக்குச் சரிவராது. இங்கே பாடநூலில் மாஸ் என்பது திணிவு, நிறை என்றால் வெயிட். பெருநிறை என்று போட்டால் எங்கள் பிள்ளைகள் ஜி-யால் (ஈர்ப்பு முடுக்கத்தால்) பெருக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பாளைக்கு மறுப்பில்லை, ஒரு சந்தேகம் மட்டும். கள்ளுக்குச் சீவுகிற பாளையை விரியவிடாமல் இறுக்கிக் கட்டுவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவனுக்குப் பாளை என்றால் மூடிக் கிடப்பது என்றுதான் மனதில் பதியும்.

———

கட்டுகிறார்கள் என்றால் விட்டால் விரியும் என்றுதானே பொருள்? விண்ணில் கட்ட ஆளில்லை.

திணிவு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, எனக்கு அது தோன்றவே இல்லை. பதிவில் ‘பெருநிறை (இலங்கை: பெருந்திணிவு)’ என்று இரண்டையும் சேர்த்தே போடுவோம். ஒன்றை மற்றதால் அடிக்க வேண்டாம்.

‘அசோசியேஷன்’ இன்னும் பாக்கி. 1947இல் சோவியத் வானியலாளர் அம்பர்த்சுமியன் சுட்டிக்காட்டிய, ஈர்ப்பால் கட்டுண்டிராத இளம் மீன்களின் கூட்டம். ‘மீன்கூட்டம்’ என்றால் வலையோடு கிளம்பிவிடுவார்கள், ‘சங்கம்’ என்றால் சந்தா கேட்பார்கள். நான் ‘குழாம்’ என்கிறேன். வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.