குளிர்கால விடுமுறையில் உங்களுக்குப் பிடித்த சின்னச் சந்தோஷம் எது?

தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. பெரிய திட்டம் எதுவும் இல்லை, ஆனால் அலாரம் இல்லாமல் விழித்து, போர்வைக்குள்ளேயே கிடந்து, பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாவலைப் படிப்பது அவ்வளவு நிறைவாக இருக்கிறது. உங்களுக்கு?

பதில் 1: எனக்கு வானம்தான். டிசம்பர் 14-ஐ ஒட்டி ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும், தொலைநோக்கியெல்லாம் வேண்டாம், விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் மல்லாந்து படுத்து, கண் இருட்டுக்குப் பழக ஒரு 20 நிமிடம் விட்டால் போதும். அதைத் தவறவிட்டாலும் ஓரையன் நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது, வரிசையாக மூன்று நட்சத்திரம், சற்றுத் தள்ளிச் சிவப்பாகத் திருவாதிரை. தம்பி தங்கை இருந்தால் எழுப்பிக் கூட்டிப் போங்கள், ஒவ்வொரு எரிகல்லுக்கும் அவர்கள் போடும் கூச்சல் தனிச் சுகம்.

பதில் 2: பள்ளித் தோழியோடு காரணமே இல்லாமல் நடப்பது. அப்புறம் ஒன்று, தினமும் மதியம் வரை தூங்காதீர்கள். உடல் கடிகாரத்தைச் சரியாக வைப்பது காலை வெளிச்சம்தான், அந்த நாவலை வெயில் படும் இடத்தில் உட்கார்ந்து படியுங்களேன்.

கேட்டவர்: சரி, செய்கிறேன். எரிகல் பார்க்க எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

பதில் 1: இரவு 2 மணி வாக்கில் நிறையத் தெரியும்.