புதுப்பிப்பு: குவார்ட்சைட் குளிர்காலமும் ஆர்வி சோலாரும்

அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் குளிர்காலம் முழுக்க ஆர்வியில் (வீடு போல வசதிகள் உள்ள வண்டியில்) தங்க, கூரையில் 400 வாட் சோலார் பேனலைப் படுக்கையாகப் போட்டால் போதும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். தப்பு, திருத்திக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியில் அங்கே உச்சிவேளையில்கூட சூரியன் சுமார் 33 டிகிரிதான் ஏறும். படுத்துக் கிடக்கும் பேனலுக்கு நேர்வெயிலில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். தெற்கு பார்த்து 55 டிகிரிக்கு நிமிர்த்தினால் உச்சிவேளையில் கிட்டத்தட்ட முழுசும் வரும். ஏசி பெட்டியின் நிழல் ஒரே ஒரு செல்லை மூடினாலும், வழக்கமாக அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. காற்று வலுக்கும் முன் மடக்கிவிடுங்கள், கீலோடு பிடுங்கிக்கொண்டு போகும்.

பேட்டரி விஷயம் இன்னும் முக்கியம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். பாலைவனம்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள், விடியற்காலையில் உறைபனி உண்டு. வெளிப்பெட்டியில் வைக்காமல் கட்டிலுக்கடியில் வையுங்கள். குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்று) உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

எத்தனை நாள் தங்கலாம் என்று கேட்டவருக்கு: குவார்ட்சைட்டை ஒட்டிய லா போசா நீண்டகாலத் தங்கல் பகுதியில் சீசன் அனுமதிச்சீட்டோடு செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. அதற்கு வெளியே உள்ள இலவச நிலத்தில் 14 நாள்தான்.